பழைய படகில் இழுவைக் கம்பம் மாட்டப் போறீங்களா? கம்பத்தை விடுங்க... முதல்ல தரையைத் தட்டிப் பாருங்க!

காரைக்குடி:-

லீவு விட்டால் போதும், காரைக்குடி, தேவகோட்டை பக்கத்து ஜனங்கள் குடும்பத்தோடு வேன் பிடித்து ராமேசுவரம், தொண்டி என்று கடலைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். சிவகங்கை மாவட்டத்துக்கு கடற்கரை கிடையாது. அதனாலேயே நம்ம ஊர்க்காரர்களுக்கு கடல் மேல் ஆசை கொஞ்சம் அதிகம்.

இப்போது பல சுற்றுலா ஊர்களில் சும்மா படகு சவாரி மட்டும் இல்லை. காற்றடித்த ரப்பர் மிதவையில் ஆட்களை உட்கார வைத்து வேகப்படகில் கட்டி இழுக்கிறார்கள். வாழைப்பழ வடிவத்தில் இருக்கும் 'பனானா போட்' சின்னப் பிள்ளைகளுக்குக்கூட தெரியும். காலில் பலகை கட்டிக்கொண்டு தண்ணீர் மேல் நின்றபடியே சறுக்கும் 'வாட்டர் ஸ்கீயிங்' விளையாட்டும் உண்டு.

இந்த எல்லா விளையாட்டுக்கும் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? கயிற்றைக் கட்டுகிற இடத்தில்தான். புதுப் படகு என்றால் அதைக் கம்பெனியிலேயே கணக்குப் போட்டு வைத்துத் தருவார்கள். பழைய பைபர் படகை வாங்கி, பட்டறையில் கொடுத்து கம்பம் மாட்டினால்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

இதுகுறித்த விவரம் வருமாறு:-

இழுவைக் கம்பம் என்றால் என்ன?

படகின் நடுப்பகுதியில் தரையிலிருந்து செங்குத்தாக நிற்கும் உலோகக் குழாய்தான் இழுவைக் கம்பம். இதன் தலையில் ஒரு குமிழ் இருக்கும். கயிற்றின் ஒரு முனை அந்தக் குமிழில். மறுமுனை சறுக்குபவர் கையில். பொதுவாக 75 அடி நீளக் கயிறு பயன்படுத்துகிறார்கள்.

இதில் ஒரு வகை, உள்ளே இறங்கும் கம்பம். பழைய ரேடியோ ஏரியலை இழுத்து நீட்டி, அமுக்கி உள்ளே தள்ளுவோமே, அதே மாதிரிதான். தரைக்கு அடியில் ஒரு உறைக்குழாய் இருக்கும். வேலை இருக்கும்போது கம்பத்தை மேலே தூக்கி ஊசி போட்டுப் பூட்ட வேண்டும். வேலை முடிந்ததும் உள்ளே இறக்கிவிடலாம்.

இதனால் லாபம் என்ன? சவாரி ஏற்றும்போது இடம் அடைக்காது. யாரும் முட்டிக்கொள்ள மாட்டார்கள். படகுக்கு தார்ப்பாய் போடுவதும் சுலபம். ஒரே படகில் காலையில் சவாரி, மாலையில் சறுக்கு என்று இரண்டு தொழில் பார்க்கலாம். பழைய படகு வைத்திருப்பவர்களுக்கு இதில் ஆசை வருவதில் ஆச்சரியம் இல்லை.

கொல்லுப்பட்டறை வளையத்தில் பிறந்த விளையாட்டு

தண்ணீர் சறுக்கு 1922-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தது. மினசோட்டா மாநிலத்தில் உள்ள பெப்பின் ஏரியில் ரால்ப் சாமுவெல்சன் என்ற 18 வயது வாலிபர்தான் முதலில் சறுக்கியவர். 8 அடி பலகை இரண்டை எடுத்து நுனியைச் சூடாக்கி வளைத்துக்கொண்டார். கைப்பிடிக்கு கொல்லர் ஒருவர் அடித்துக் கொடுத்த இரும்பு வளையம். பலமுறை தண்ணீரில் விழுந்து எழுந்த பிறகுதான் நிற்க வந்தது.

தொடக்கத்தில் கயிற்றை படகின் அமரத்தில், அதாவது பின்பக்கத்தில் கட்டினார்கள். சறுக்குபவர் இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் போகும்போது, அவர் போகிற பக்கமே படகின் பின்பாகமும் இழுபட்டது. ஓட்டுபவர் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் படகு வேறு பக்கம் போனது.

அதற்குப் பிறகுதான் கயிறு கட்டும் இடத்தை படகின் நடுப்பகுதிக்குக் கொண்டு வந்தார்கள். தராசு முள்ளுக்குப் பக்கத்தில் கை வைத்து அழுத்தினால் தட்டு அதிகம் ஆடாது இல்லையா? அதே கணக்குதான். இன்றைக்கும் போட்டிக்கென்றே கட்டும் சறுக்குப் படகுகளில் கம்பம் நடுவில்தான் நிற்கிறது.

தேர் வடத்தை உச்சியிலா கட்டுகிறோம்?

கம்பம் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பது அடுத்த கேள்வி.

தேவகோட்டை அருகே கண்டதேவி கோவில் தேரை எல்லோரும் அறிவார்கள். ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடித்து இழுக்கிற தேர் அது. அந்த வடத்தை எங்கே கட்டுகிறார்கள்? சக்கரத்துக்குப் பக்கத்தில், தேரின் அடியில். கலசத்துக்குப் பக்கத்தில் கட்டி இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

படகுக்கும் இதேதான். உயரத்தில் கட்டிய கயிறு பக்கவாட்டில் இழுத்தால் படகு அந்தப் பக்கம் சாயும். எவ்வளவு உயரமோ அவ்வளவு சாய்வு.

பிறகு ஏன் சிலர் ஆளுயரக் கம்பம் கேட்கிறார்கள்? ஒற்றைப் பலகையில் நின்று அலை மேல் எம்பிக் குதிப்பவர்களுக்கு கயிறு மேலிருந்து தூக்கிக் கொடுத்தால் வசதி. அதோடு பின்னால் மாட்டிய எஞ்சினில் கயிறு உரசாமல் போகவும் கொஞ்சம் உயரம் வேண்டும். ஆக, தேவையான அளவுக்கு உயரம் போதும். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று ஏற்றிக்கொண்டே போகக் கூடாது.

இழுக்கிற படகே கவிழுமா என்று சிலர் கேட்கலாம். 2007-ம் ஆண்டு டிசம்பர் 19-ந்தேதி ஸ்காட்லாந்து நாட்டில் கிளைடு ஆற்றில் 'பிளையிங் பாண்டம்' என்ற இழுவைப் படகு, தான் கட்டி வந்த பெரிய கப்பலின் கயிறு பக்கவாட்டில் இழுத்ததால் கவிழ்ந்தது. அதில் இருந்த 4 பேரில் 3 பேர் இறந்தார்கள். கப்பலை இழுப்பதற்கென்றே கட்டிய படகுக்கே இந்த கதி. சின்ன பைபர் படகு எம்மாத்திரம்?

300 கிலோ எப்படி 1,500 கிலோ ஆகிறது?

இனி பட்டறைக்காரர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு.

1 மீட்டர் உயரக் கம்பம் என்று வைத்துக்கொள்வோம். அடியில் ஒரு தகடு. தகட்டை தரையோடு சேர்த்து 4 போல்ட் முடுக்கியாச்சு. முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடையே 20 சென்டிமீட்டர்.

கயிறு சடாரென்று இழுபடும் நேரத்தில் கம்பத்தின் தலையில் 300 கிலோ இழுப்பு வருகிறது என்று ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். கம்பம் பின்னால் சாயப் பார்க்கும். முன்பக்க போல்ட்டுகள் தரையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். பிடுங்குகிற பலம் எவ்வளவு? 300-ஐ 100 சென்டிமீட்டரால் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 1,500 கிலோ. அதாவது ஒரு போல்ட்டுக்கு 750 கிலோ.

கடப்பாரை வைத்துப் பாறையை நெம்புவதும் இதே வித்தைதான். நீளக் கடப்பாரைக்கு சின்ன கை பலமே போதும். இங்கே கம்பம்தான் கடப்பாரை. நெம்பப்படுவது உங்கள் படகின் தரை.

இதே கம்பத்தை உறைக்குழாய்க்குள் 50 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, மேலே தரை மட்டத்தில் ஒரு பிடிப்பு, கீழே படகின் அடிச்சட்டத்தில் ஒரு பிடிப்பு என்று வைத்தால் கதையே வேறு. கீழே வரும் அழுத்தம் 600 கிலோ. மேலே 900 கிலோ. அதுவும் போல்ட்டைப் பிடுங்குகிற பலம் இல்லை; பக்கவாட்டில் தள்ளுகிற பலம். அதைத் தாங்க வைப்பது சுலபம்.

அதனால்தான் உள்ளே இறங்கும் கம்பம், சரியாக மாட்டினால், மேலே நிற்கும் கம்பத்தைவிட நல்லது. சரியாக மாட்டினால் என்பதுதான் முக்கியம்.

வெளியே பளபள... உள்ளே மக்கு!

பழைய பைபர் படகில் கண்ணுக்குத் தெரியாத வியாதி ஒன்று உண்டு. பைபர் மக்காது என்று எல்லோரும் நினைக்கிறோம். பைபர் மக்காதுதான். ஆனால் பல படகுகளில் தரைக்குள் பிளைவுட் பலகை இருக்கிறது. அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டங்களும் மரம்தான். மேலே மட்டும் பைபர் பூச்சு.

சீட் மாட்ட, பெட்டி மாட்ட என்று வருடா வருடம் போட்ட ஓட்டைகள் வழியாக தண்ணீர் உள்ளே இறங்குகிறது. வெளியேற வழி இல்லை. மரம் உள்ளேயே ஊறி மக்கிப்போகிறது. மேலே பெயிண்ட் அடித்தால் படகு புதுசு மாதிரி இருக்கும்.

அந்தத் தரையில் புதுக் கம்பத்தை முடுக்கினால், கம்பம் உடையாது. தரையோடு பிய்த்துக்கொண்டு வரும். பிய்ந்த கம்பம் எங்கே போகும்? இழுபட்டிருந்த கயிறு அதைப் பின்பக்கம் சுண்டி எறியும். அந்தப் பக்கம்தான் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். நூறு வருஷம் ஆகியும் நிற்கிறது. தேக்கு உசத்திதான். ஆனால் தூணுக்கு அடியில் கல் போட்டு நிறுத்தியதையும் கவனிக்க வேண்டும். மண்ணில் நேராக நட்டிருந்தால் பர்மா தேக்கும் இத்தனை காலம் நின்றிருக்காது. தூணுக்குக் கல் மாதிரி, கம்பத்துக்கு அடித்தளம்.

எப்படி மாட்ட வேண்டும்?

முதல் வேலை தட்டிப் பார்ப்பது. சின்னச் சுத்தியலால் தரை முழுக்க ஒரு சாண் இடைவெளியில் தட்ட வேண்டும். 'டக், டக்' என்று கணீர் சத்தம் வந்தால் நல்லது. 'தொம், தொம்' என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே மக்கு. காலால் மிதித்தால் மெத்தென்று அமுங்கினாலும் அதே அர்த்தம்தான். சந்தேகம் உள்ள இடத்தில் சின்ன ஓட்டை போட்டு வரும் தூளைப் பாருங்கள். ஈரமாக, கறுப்பாக வந்தால் அந்தப் பலகையை வெட்டி எடுத்துவிட்டு புதுசு போட்டு, பைபர் வேலை முடித்த பிறகுதான் கம்பத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்தது, தரைக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பது. பெட்ரோல் டேங்க், எரிபொருள் குழாய், மின்சார வயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். பார்க்காமல் டிரில் போடுவது தீக்குச்சியோடு விளையாடுவது மாதிரி.

மூன்றாவது, பாரத்தைப் பிரித்துக் கொடுப்பது. உறைக்குழாயின் அடிப்பாகம் வெறும் பைபர் தோலில் உட்காரக் கூடாது. ஏராவுக்கு மேலே இரண்டு பக்கத்து நீளச் சட்டங்களையும் சேர்த்து ஒரு குறுக்குச் சட்டம் போட்டு, அதில் உட்கார வேண்டும். மேல் பிடிப்புக்கும் தரைக்கு அடியில் அகலமான தகடு கொடுக்க வேண்டும். வெறும் வாஷர் போட்டு முடுக்கினால் அது பைபரைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். மர ஸ்குரு கூடவே கூடாது. தரையைத் துளைத்துக்கொண்டு போய் கீழே நட்டு போடும் போல்ட்டுதான் சரி.

நான்காவது, தண்ணீர் வெளியேற வழி. உறைக்குழாய் என்பது ஒரு கிணறு மாதிரி. அலைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் அதில் இறங்கும். அடியில் ஒரு துவாரம் விட்டு, தண்ணீர் இறைக்கும் பம்ப் இருக்கும் குழிக்குப் போகும்படி செய்ய வேண்டும். வெட்டிய ஒவ்வொரு ஓரத்தையும் பிசின் பூசி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுசாகப் போட்ட பலகையும் சில வருஷத்தில் மக்கும்.

ஐந்தாவது, பூட்டு. தூக்கிய கம்பம் தானாக இறங்கக் கூடாது; தானாகச் சுற்றவும் கூடாது. குறுக்கே போடும் ஊசிக்கு கிளிப் கட்டாயம். இறக்கும்போது விரல் நசுங்காமல் இருக்க கைப்பிடி இருந்தால் நல்லது.

கடைசியாக, கரையிலேயே சோதனை. படகை வண்டியில் கட்டி வைத்து, கம்பத்தின் தலையில் செயின் பிளாக் மாட்டி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்க்க வேண்டும். பின்னால் மட்டும் இல்லை, இரண்டு பக்கவாட்டிலும் இழுக்க வேண்டும். தரை எங்காவது எழும்பினாலோ, 'கிறீச்' சத்தம் வந்தாலோ அந்தப் படகு தண்ணீருக்குப் போகக் கூடாது. சோதனையின்போது கயிற்றுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது.

எவர்சில்வரும் அரிக்கும்

உலோக அரிப்பு பற்றி காரைக்குடிக்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவை இல்லை. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட 'சிக்ரி' ஆராய்ச்சி நிலையம் நம்ம ஊரில்தான் இருக்கிறது. உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது அங்கே நடக்கும் முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று. மண்டபத்திலும் அவர்களுக்கு அரிப்பு சோதனை மையம் உண்டு. மண்டபம், பாம்பன் பகுதி நாட்டிலேயே உலோகம் வேகமாக அரிக்கும் இடங்களில் ஒன்று என்பதுதான் காரணம்.

எவர்சில்வர் குழாய் என்றால் துருவே பிடிக்காது என்று நினைப்பது தவறு. கேட், கைப்பிடிக்குப் போடும் 304 ரகம் உப்புத் தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரிக்கும். கடலுக்கு 316 ரகம்தான் ஏற்றது. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். அதுகூட காற்றுப் படாத ஈரத்தில் கிடந்தால் அரிக்கும். மக்கிய மரத்துக்குள் புதைந்த போல்ட் வெளியே பளபளப்பாகவும் உள்ளே பென்சில் மாதிரி மெலிந்தும் இருக்கும்.

இன்னொரு விஷயம், இரண்டு உலோகம் கலப்பது. அலுமினியத் தகட்டில் எவர்சில்வர் போல்ட் போட்டு உப்புத் தண்ணீர் பட்டால் பேட்டரி மாதிரி வேலை செய்யும். அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகக் கொட்டும். இடையே நைலான் வாஷர் கொடுத்து, பிசின் பூசி, ஒன்றோடு ஒன்று படாமல் செய்ய வேண்டும். வெல்டிங் வைத்த இடத்தில் கறுப்புத் தடம் இருந்தால் அதையும் நீக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

ரப்பர் மிதவைக்கு இந்தக் கம்பம் ஆகாது

சறுக்குக்குப் போட்ட உயரக் கம்பத்தில் பனானா போட்டையும் மிதவையையும் கட்டுவது தவறு. சறுக்குபவருக்கு கை வலித்தால் கயிற்றை விட்டுவிடுவார். இழுப்பு அந்த நிமிஷமே நின்றுபோகும். மிதவை அப்படி விடாது. அது கயிற்றோடு முடிச்சுப் போட்டுக் கட்டியது.

நாலைந்து பேர் உட்கார்ந்த மிதவையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தினால் வாளியால் தண்ணீர் அள்ளுவது போல ஆகிவிடும். அந்த நேரத்து இழுப்பு பல மடங்கு. அதனால்தான் உயரக் கம்பம் செய்யும் வெளிநாட்டுக் கம்பெனிகள் பலவும் 'மிதவை கட்டாதே' என்று எழுதியே விற்கின்றன. மிதவைக்கு அமரத்தில் தாழ்வாக இருக்கும் இழுவை வளையம்தான் சரி. அந்த வளையத்துக்குப் பின்னாலும் அகலத் தகடு இருக்க வேண்டும்.

மீனவர்களுக்கும் இதே கணக்கு

கடலில் எஞ்சின் பழுதாகி நிற்கும் படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வருவது தொண்டி முதல் ராமேசுவரம் வரை சகஜம். அவசரத்தில் கயிற்றை எஞ்சினிலேயே கட்டிவிடுகிறார்கள் சிலர். எஞ்சின் மாட்டிய பலகை பிளந்தால் இரண்டு படகும் நடுக்கடலில் நிற்கும்.

அமரத்தின் இரண்டு மூலையிலும் கட்டி, 'வி' மாதிரி சேர்த்து, அந்தச் சேர்க்கையில் இழுவைக் கயிற்றைக் கட்டினால் பாரம் இரண்டாகப் பிரியும். பக்கத்தில் ஒரு கத்தி இருக்கட்டும். படகு சாய ஆரம்பித்தால் முடிச்சை அவிழ்க்க நேரம் இருக்காது. நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீண்டு அறுந்தால் சாட்டையாக அடிக்கும். அதன் நேரே நிற்காதீர்கள்.

மாற்றுவதற்கு அனுமதி வேண்டும்

2023-ம் ஆண்டு மே 7-ந்தேதி கேரள மாநிலம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் பலியானதை மறக்க முடியாது. மீன்பிடிப் படகாக இருந்ததைச் சுற்றுலாப் படகாக மாற்றியது அது. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதும் சேர்ந்துகொண்டது. ஒரு வேலைக்குக் கட்டிய படகை இன்னொரு வேலைக்கு மாற்றும்போது என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை.

1917-ம் ஆண்டு சட்டத்துக்குப் பதிலாக 2021-ல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. எந்திரப் படகுகளுக்குப் பதிவும் ஆய்வுச் சான்றும் இந்தச் சட்டம் கேட்கிறது. படகின் அமைப்பை மாற்றுவதும் அதிகாரிகளுக்குத் தெரியாமல் செய்கிற காரியம் இல்லை. கம்பம் மாட்டும் முன் படகைப் பதிவு செய்த அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மாற்றினால், விபத்து நடந்த பிறகு பணம் கேட்கும்போது அதையே காரணம் காட்டுவார்கள்.

ஏறும் முன் ஒரு நிமிஷம் பாருங்க...

படகு வைத்திருப்பவர்களுக்குச் சொன்னது போதும். காசு கொடுத்து ஏறுகிற நம்ம ஜனங்களும் சிலதைப் பார்க்க வேண்டும்.

கம்பத்தின் அடியைப் பாருங்கள். சுற்றிலும் விரிசல், துருக்கோடு, புதுசாகப் பூசிய பெயிண்ட் தெரிந்தால் உஷார். கம்பத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கம்பத்தோடு தரையும் ஆடினால் இறங்கிவிடுங்கள்.

படகில் ஓட்டுபவர் ஒருவர், பின்னால் பார்த்துக்கொண்டே வர இன்னொருவர் என இரண்டு பேர் இருக்க வேண்டும். முன்னே பார்த்து ஓட்டுபவருக்கு பின்னால் விழுந்தவர் தெரிய மாட்டார். ஓட்டுபவர் கையில், விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் கயிறு மாட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். விழுந்தவரை ஏற்றும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும்.

லைப் ஜாக்கெட் எல்லோருக்கும் இருக்கிறதா, பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள். 2024 ஜனவரி 18-ந்தேதி குஜராத் மாநிலம் வதோதராவில் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அதில் பல பிள்ளைகள் லைப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை.

கம்பம் செய்ய ஒரு நாள் போதும். நம்ம ஊர் லேத் பட்டறைகளுக்கு அது பெரிய வேலையே இல்லை. தரையைத் தட்டிப் பார்த்து, மக்கை வெட்டி எடுத்து, சட்டம் போட்டு அடித்தளம் அமைக்கத்தான் நாள் பிடிக்கும், செலவும் ஆகும். அந்தச் செலவு செய்ய முடியாத படகு சும்மா சவாரிக்கு ஓடட்டும். கட்டி இழுக்கிற வேலைக்கு வேண்டாம்.